யாரும் அழுத்தாமலே ராத்திரியில் அடிக்கும் புதுக் காலிங் பெல்: கோளாறு பெல்லிலா, பட்டனிலா, சுவருக்குள்ளேயா?

தூக்கம்தொலைத்தவன்:

எல்லோருக்கும் வணக்கம். இருபது வருஷமாக இருந்த பழைய டிங்-டாங் பெல் போன மாதம் உயிரை விட்டது. அழுத்தினால் உள்ளே 'ம்ம்ம்' என்று முனகும், ஆனால் அடிக்காது. திறந்து பார்த்தேன், உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு தூசியும் பிசுக்குமாக இறுகிப் போயிருந்தது. சரி, இனி இதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று பாட்டு பாடும் எலக்ட்ரானிக் பெல் ஒன்று வாங்கி வந்து நானே மாட்டினேன். மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்தேன், பயப்பட வேண்டாம். இரண்டு ஒயர், இரண்டு ஸ்க்ரூ, பத்து நிமிஷ வேலை. பகலில் அழுத்தினால் அருமையாகப் பாடுகிறது.

பிரச்சினை மூன்றாவது நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. யாரும் இல்லை, ஆனால் பெல் 'கிக்' என்று பாட்டின் முதல் துண்டை மட்டும் அடித்துவிட்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிக். ஆரம்பித்தால் பத்துப் பதினைந்து முறை விட்டுவிட்டு அடிக்கும், அப்புறம் தானாக ஓய்ந்துவிடும். சில ராத்திரி வருவதே இல்லை.

இதுவரை செய்தது: பெல்லைக் கடையில் கொடுத்து அதே மாடலில் வேறொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. வாசலில் இருக்கும் பெல் பட்டனைப் பழசு என்று சந்தேகப்பட்டு, பழையது எப்படி இருந்ததோ அதே போல ஒன்று வாங்கி மாற்றினேன், அப்போதும் அப்படியே. பட்டனை அழுத்தாமல் இருக்கும்போது பெல்லின் இரண்டு ஸ்க்ரூவிலும் டெஸ்டர் வைத்தால் இரண்டிலும் எரிகிறது. பெல்லைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்தால் 90, 120, 105 என்று நிலையில்லாமல் ஏதோ காட்டுகிறது. அழுத்தினால் சரியாக 230.

வீட்டுக்கு வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சுவருக்குள் ஒயர் லீக் ஆகிறது, சுவரை உடைத்துப் புதிதாக ஒயர் இழுக்க வேண்டும் என்கிறார். மாமியார் வேறு காரணம் சொல்கிறார், அதை இங்கே எழுதினால் சிரிப்பீர்கள். சுவரை உடைப்பதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?


எறும்பன்:

எனக்குத் தெரிந்தவரை இது ஈரம். வெளிச்சுவரில் இருக்கும் பட்டன் பெட்டிக்குள் ராத்திரி பனி இறங்கும், உள்ளே தூசி இருந்தால் அந்தத் தூசி ஈரத்தை உறிஞ்சி இரண்டு முனைக்கும் நடுவே கரண்ட் கசிய வழி போட்டுவிடும். பகலில் வெயில் பட்டுக் காய்ந்துவிடுவதால் பிரச்சினை தெரியாது. எறும்பு கூடு கட்டினாலும் இதே கதைதான், சுவிட்சின் தகடுகளுக்கு நடுவே நசுங்கிச் சாகும் எறும்புகளே பாலம் போட்டுவிடும்.

கண்டுபிடிக்க சுலப வழி ஒன்று. மெயினை அணைத்துவிட்டுப் பட்டனிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றி நன்றாக டேப் சுற்றி விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று ராத்திரி பார்த்தும் பெல் வாயைத் திறக்கவில்லை என்றால் குற்றவாளி பட்டன். அப்போதும் அடித்தால் சுவருக்குள்ளேதான். காசு செலவில்லாத பரிசோதனை.


ஒயரே_வேண்டாம்:

எதற்கு இவ்வளவு தொல்லை. பேட்டரியில் ஓடும் ஒயர்லெஸ் பெல் வாங்கி ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஒயரும் வேண்டாம், சுவரும் உடைக்க வேண்டாம்.


தூக்கம்தொலைத்தவன்:

எறும்பன், நீங்கள் சொன்னபடி ஒயரைக் கழற்றி மூன்று ராத்திரி விட்டேன். ஒரு சத்தம் இல்லை. நான்காம் நாள் திரும்ப மாட்டினேன், அன்றைக்கே அடித்தது. அப்படியானால் பட்டன்தான் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது புத்தம்புதுப் பட்டன், உள்ளே ஈரமோ எறும்போ எதுவும் இல்லை, பெட்டியையும் துடைத்துக் காயவைத்துத்தான் மாட்டினேன். பழைய பட்டனும் புதுப் பட்டனும் ஒரே மாதிரிக் கோளாறாகவா இருக்கும்?

ஒயரே_வேண்டாம், அப்பாவுக்குக் காது மந்தம், பேட்டரி தீர்ந்துபோனதே தெரியாமல் வாசலில் ஆள் நிற்க வேண்டிவரும் என்பதால் அது வேண்டாம் என்று முன்பே முடிவு செய்தாயிற்று.


பழைய_ஒயர்மேன்:

தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்தப் பட்டனில், இருட்டில் தெரிவதற்காக, சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதா?


தூக்கம்தொலைத்தவன்:

ஆமாம் சார், இருக்கிறது. பழைய பட்டனிலும் இருந்தது, அதனால்தான் தேடிப் பிடித்து அதே போல வாங்கினேன். அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. இப்போது கேட்டதும் ஞாபகம் வருகிறது, பழைய பெல் இருந்தபோது அது நல்ல பிரகாசமாக எரியும், இப்போது மங்கலாக எரிகிறது, பெல் கிக் என்று அடிக்கும் நேரத்தில் லேசாகத் துடிக்கவும் செய்கிறது.


பழைய_ஒயர்மேன்:

அப்படியானால் சுவரை விட்டுவிடுங்கள். அந்த விளக்கு எப்படி எரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். பட்டன் பெட்டியில் இரண்டு ஒயர்தான் வருகிறது. விளக்கு அந்த இரண்டு ஒயருக்கும் குறுக்கே, அதாவது சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பக்கவழியாக உட்கார்ந்திருக்கிறது. அது எரிய வேண்டுமானால் அதன் வழியாகப் போகும் கரண்ட் பெல்லுக்குள்ளும் புகுந்துதான் வெளியே வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. ஆக, யாரும் அழுத்தாமல் இருக்கும்போதும் உங்கள் பெல் வழியாக இருபத்துநாலு மணி நேரமும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லியாம்பியர், சில விளக்குகளில் அதிலும் பாதி.

பழைய டிங்-டாங் இதைச் சட்டையே செய்யாது. அதற்குள் இருப்பது தாமிரக் கம்பிச் சுருள், இரும்புத் தண்டை இழுத்துத் தட்டவைக்க நல்ல கரண்ட் வேண்டும், இந்த ஒரு மில்லியாம்பியர் அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. விளக்குக்கும் பிரச்சினை இல்லை, பிரகாசமாக எரிந்தது.

எலக்ட்ரானிக் பெல் வேறு ஜாதி. உள்ளே ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபயர், அதற்குப் பின்னால் கரண்டைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டர், அப்புறம் சில வோல்ட்டிலேயே வேலை செய்யும் குட்டிப் பாட்டு ஐ.சி. (சிப்). விளக்கு வழியாகக் கசிகிற கரண்ட் அந்தக் கெபாசிட்டரில் போய்ச் சேருகிறது, ஒழுகும் குழாய்க்குக் கீழே வைத்த பாத்திரம் மாதிரி. ஐ.சி. விழித்துக்கொள்ளும் அளவுக்கு வோல்ட்டேஜ் ஏறியதும் பாட்டு ஆரம்பிக்கும், பாடத் தேவையான கரண்ட் அதில் இல்லாததால் சேர்ந்திருந்தது ஒரே மூச்சில் காலியாகிப் பாதியில் நின்றுவிடும். மறுபடி நிரம்பும், மறுபடி கிக். முழுப் பாட்டு வராமல் முதல் துண்டு மட்டும் வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு இந்தச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே யாராவது அழுத்தினாலோ, ஈரத்தில் நன்றாக ஷார்ட் ஆனாலோ முழுப் பாட்டும் வரும்.

ஏன் ராத்திரியில் மட்டும்? பகலிலும் ஒன்றிரண்டு கிக் வந்திருக்கலாம், டிவி சத்தத்தில் தெரிந்திருக்காது. அதோடு நள்ளிரவில் லைனில் லோடு குறைந்து வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏறும். உங்கள் பெல் சரியாக விளிம்பில் நிற்கிறது, அதுவரை உள்ளே வந்ததெல்லாம் உள்ளேயே கசிந்து தீர்ந்துகொண்டிருந்தது, வோல்ட்டேஜ் ஏறியதும் வரவு செலவை மீறிவிடுகிறது. சில ராத்திரி வருவதில்லை என்பதும் இதனால்தான். சுவிட்சில் விளக்கு உள்ள வீடுகளில் எல்.இ.டி. பல்ப் அணைத்த பிறகும் மினுக் மினுக் என்று எரியும் பாருங்கள், அதே வியாதி.

நிரூபிக்க ஒரு சோதனை. பழைய ரக ஜீரோ வாட் பல்ப், இழை உள்ளது, ஒன்று இருந்தால் ஹோல்டரோடு புதுப் பெல்லுக்கு இணையாக, பெல்லின் அதே இரண்டு ஸ்க்ரூவில், தற்காலிகமாக மாட்டுங்கள். மெயினை அணைத்துவிட்டு. எல்.இ.டி. பல்ப் வேண்டாம், அது தானே மினுக்க ஆரம்பித்துக் குழப்பும். கசிவெல்லாம் அந்த இழை வழியாகப் போய்விடும், பெல் ஊமையாகும், பட்டன் விளக்கு பழையபடி பிரகாசமாகும். அழுத்தும்போது பல்பும் எரியும், அதில் தப்பில்லை.

இன்னொன்று, இது பெல் அடிப்பதைவிட முக்கியம். இரண்டு ஸ்க்ரூவிலும் டெஸ்டர் எரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியான அறிகுறி இல்லை. பேஸ் ஒயர், அதாவது கரண்ட் வருகிற ஒயர், பட்டன் வழியாக வந்திருந்தால் ஒன்றில் மங்கலாக எரியலாம், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் பக்கம் எரியவே எரியாது. இரண்டிலும் எரிகிறது என்றால் பேஸ் நேராகப் பெல்லுக்குப் போய், நியூட்ரல்தான் பட்டன் வழியாக வெட்டப்படுகிறது. பெல் வேலை செய்யும், யாருக்கும் தெரியாது, ஆனால் பட்டன் அழுத்தாத நேரத்திலும் பெல்லுக்குள் முழு 230 உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை வேறு யாராவது, பட்டனைத்தான் யாரும் அழுத்தவில்லையே என்று மெயினை அணைக்காமல் பெல்லைத் தொட்டால் போச்சு. டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம், பெல்லைக் கழற்றிய நிலையில் ஒவ்வொரு ஒயரையும் எர்த்துக்கு எதிராக மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பட்டனை அழுத்தாமலே ஒன்று 230 காட்டினால் நான் சொன்னதுதான்.


தூக்கம்தொலைத்தவன்:

சார், ஜீரோ வாட் பல்ப் பக்கத்து வீட்டில் கிடைத்தது. மாட்டினேன். பட்டன் விளக்கு பளிச்சென்று எரிகிறது, இரண்டு ராத்திரி சத்தமே இல்லை. எர்த்துக்கு எதிராக அளந்ததிலும் நீங்கள் சொன்னபடியே, பெல்லுக்கு நேராக வரும் ஒயரில் 231. அந்த இடத்தில் எத்தனை முறை மெயினை அணைக்காமல் ஒட்டடை அடித்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் பட்டனைத் திறந்து விளக்கின் ஒரு காலை வெட்டிவிட்டு, பல்பையும் எடுத்துவிட்டேன். பெல் அமைதி. ஆனால் பெல்லைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயருக்கு நடுவே மீட்டர் வைத்தால் இன்னும் 40, 45 வோல்ட் காட்டுகிறது. விளக்கே இல்லாதபோது இது எங்கிருந்து வருகிறது? அந்த எலக்ட்ரீஷியன் சொன்ன லீக் இதுதானோ?


பழைய_ஒயர்மேன்:

இல்லை. சுவருக்குள் ஒரே குழாயில் மற்ற ஒயர்களோடு பத்துப் பதினைந்து மீட்டர் ஒட்டி ஓடுகிற ஒயர், ஒரு பக்கம் எங்கும் சேராமல் தொங்கினால், பக்கத்து ஒயர்கள் அதோடு சேர்ந்து ஒரு குட்டிக் கெபாசிட்டராகிவிடும். அதன் வழியாக வருவது ஒரு மில்லியாம்பியரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை 10 மெகாஓம் என்பதால் அந்தத் துளிக் கரண்டுக்கே அது பெரிய எண்ணைக் காட்டிவிடும். ஏதாவது ஒரு லோடு மாட்டிப் பாருங்கள், பூஜ்யத்துக்கு வந்துவிடும். இதற்குத் தொழிலில் பெயரே கோஸ்ட் வோல்ட்டேஜ், அதாவது பேய் வோல்ட்டேஜ். உங்கள் மாமியார் சொன்ன காரணம் நான் நினைப்பதாக இருந்தால், பெயரளவில் அவர் சொன்னது சரி.

ஒயரில் நிஜமாகவே லீக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு முனையையும் கழற்றிவிட்டு மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டர் வைத்து 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் கவலைப்படலாம். அதைச் செய்யாமல் சுவரை உடை என்று சொல்பவரிடம் முதலில் மெக்கர் எங்கே என்று கேளுங்கள்.


தூக்கம்தொலைத்தவன்:

நன்றி சார். இப்போது சின்னச் சிக்கல் ஒன்று. விளக்கு இல்லாமல் போனதும் அப்பா ராத்திரி வெளியே போய்விட்டு வந்தால் பட்டனைத் தடவித் தேடுகிறார். விளக்கும் வேண்டும், பெல்லும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பல்பை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?


பழைய_ஒயர்மேன்:

பல்ப் வேண்டாம், ஆள் வரும்போதெல்லாம் எரியும், ஒரு நாள் இழை போனால் மறுபடி ராத்திரிக் கச்சேரி ஆரம்பிக்கும். அதே வேலையைச் செய்ய 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் வரிசையாகச் சேர்ந்தது ஒன்று போதும், பெல்லின் இரண்டு ஸ்க்ரூவுக்கும் குறுக்கே. ரெடிமேடாகவும் கிடைக்கும், ஸ்னப்பர் என்று கேளுங்கள். 50 ஹெர்ட்ஸில் அந்தக் கெபாசிட்டர் கிட்டத்தட்ட 32 கிலோஓம் மாதிரி நடந்துகொள்ளும், அரை மில்லியாம்பியர் கசிவு அதன் வழியாகப் போனால் பெல்லுக்கு 16 வோல்ட்தான் மிஞ்சும், ஒரு மில்லியாம்பியரே வந்தாலும் 32. இரண்டும் உங்கள் பெல்லை எழுப்பப் பெரும்பாலும் போதாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், கெபாசிட்டர் மேல் எக்ஸ்2 என்றும் 275 வோல்ட் ஏ.சி. என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த சாதாரணக் கெபாசிட்டரைப் போட்டால் என்றாவது வெடித்துப் புகை வரும். இந்த ரகம் தீப்பிடிக்காத மாதிரி பழுதாகும்படி செய்யப்பட்டது.

பேஸ் நியூட்ரல் மாறியிருப்பதை ஜங்ஷன் பாக்ஸில்தான் சரி செய்ய வேண்டும். அதை மட்டும் தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளுங்கள், அங்கே வேறு ஒயர்களும் சேர்ந்திருக்கும்.


கேமரா_பெல்:

கொஞ்சம் வழிமாறிக் கேட்கிறேன், மன்னிக்கவும். என் வீட்டில் 230 இல்லை, 16 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் வைத்த பழைய டிங்-டாங். பட்டன் இருந்த இடத்தில் கேமரா வைத்த வீடியோ பெல் மாட்டினேன். அன்றிலிருந்து டிங்-டாங் பெட்டி லேசாக முனகிக்கொண்டே இருக்கிறது, இருட்டினால் கேமரா தானாக அணைந்து அணைந்து எழுகிறது. இதுவும் அதே கசிவுதானா?


பழைய_ஒயர்மேன்:

சொந்தக்காரன்தான், ஆனால் உருவம் பெரியது. உங்கள் கேமரா தன் சாப்பாட்டையே டிங்-டாங்கின் சுருள் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது, அதனால்தான் அது முனகுகிறது. அதற்கென்று கேமராவோடு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருப்பார்கள், டிங்-டாங் பெட்டியில் ஃபிரண்ட், டிரான்ஸ் என்று எழுதிய இரண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவே போட வேண்டியது. நிறையப் பேர் அதை அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள், தேடிப் பாருங்கள்.

இருட்டினால் அணைவதற்குக் காரணம் வேறு. இருட்டில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகள் அப்போதுதான் எரியும், கரண்ட் கூடுதலாக வேண்டும். பழைய ட்ரான்ஸ்பார்மர் மேல் 10 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், அது தாங்கும் அளவு) என்று இருந்தால் அது டிங்-டாங்குக்கு மட்டும் செய்தது, லோடு ஏறினால் 16 என்பது கீழே இறங்கிவிடும். கேமராவின் கையேட்டில் எத்தனை வோல்ட், எத்தனை வி.ஏ. கேட்கிறது என்று பாருங்கள், 16 முதல் 24 வோல்ட், 30 வி.ஏ. என்ற அளவு பெரும்பாலும் போதும். ஒயர் மெல்லியது என்று யாராவது சொன்னால் உடனே மாற்ற வேண்டாம். அரை சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர் போகவர 40 மீட்டர் என்றால் ஒன்றரை ஓம் கூட வராது, அரை ஆம்பியருக்கு முக்கால் வோல்ட்தான் சாப்பிடும். ராத்திரியில் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்ரான்ஸ்பார்மர் முனையில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். லோடு இல்லாமல் அளந்து 18 காட்டுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், சும்மா இருக்கும்போது எழுதியதைவிடக் கூடத்தான் காட்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: மேலே தம்பி வீட்டில் இருப்பது 230 நேரடி லைன். அதில் இந்த மாதிரி 16 வோல்ட் கேமராவை நேராக மாட்டினால் கேமரா புகையாகத்தான் திரும்பி வரும்.


ஒயரே_வேண்டாம்:

ஒயர்லெஸ் வாங்கச் சொன்னவன் நான்தான். நேற்று ராத்திரி எங்கள் வீட்டு ஒயர்லெஸ் பெல்லும் தானாக அடித்தது. விசாரித்தால் எதிர் வீட்டிலும் இதே ரகம், அவர்கள் பட்டனை அழுத்தினால் எங்கள் பெல்லும் அடிக்கிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.


பழைய_ஒயர்மேன்:

இரண்டும் ஒரே அலைவரிசையில், பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில், ஒரே அடையாளக் குறியீட்டை வைத்துக்கொண்டிருக்கும். ரிசீவரில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துப் பழைய குறியீட்டை அழித்துவிட்டு, மறுபடி உங்கள் பட்டனோடு சேர்க்கும் வழி கையேட்டில் இருக்கும். சில பழைய ரகத்தில் உள்ளே ஜம்பர் என்ற குட்டி இணைப்புத் துண்டு இருக்கும், பட்டன், ரிசீவர் இரண்டிலும் ஒரே மாதிரி இடம் மாற்றினால் போதும்.


தூக்கம்தொலைத்தவன்:

கடைசி நிலவரம். ஜங்ஷன் பாக்ஸில் ஒயரை மாற்றிக் கொடுக்க வேறு ஒருவரை வரவழைத்தேன், கால் மணி நேர வேலை. விளக்குள்ள பட்டன் ஒன்று புதிதாக மாட்டி, ஸ்னப்பரும் போட்டாயிற்று. பத்து ராத்திரி ஆகிறது, ஒரு கிக் இல்லை. டெஸ்டர் இப்போது ஒரு ஸ்க்ரூவில் மட்டும்தான் எரிகிறது, அதுவும் பட்டனை அழுத்தினால்தான். ஸ்னப்பரின் காலை ஸ்க்ரூவில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறேன், அது போதும்தானே?


பழைய_ஒயர்மேன்:

டேப் வெயில் காலத்தில் பசை இளகிக் கழன்றுவிடும். காலுக்கு ஸ்லீவ் (இன்சுலேஷன் குழாய்) மாட்டி, கனெக்டரில் இறுக்கிவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டு.


எறும்பன்:

நான் ஈரம் ஈரம் என்று சொன்னது இந்தக் கேஸில் தப்பாகிவிட்டது. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுப் பட்டனைச் சும்மா திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு முழுக் குடித்தனம், முட்டைகளோடு. பெல் இதுவரை ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது, எப்படி என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.